பழைய டீசல் வண்டி காலையில் ஏர் எடுக்கிறதா? பம்பை இறக்கும் முன் ஒரு கேனைக் கட்டிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. மியான்மரின் பெகுவில் ஓடும் 1993 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ், 3எல் என்ற ரகத்து டீசல் எஞ்சின். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கிறது. பத்து நொடியில் அணைந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு சுற்றினாலும் பிடிப்பதில்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பிரைமரை (கையால் அமுக்கி டீசலை ஏற்றும் சிறு பம்ப்) இருபது முப்பது தடவை அமுக்கினால் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் பகலெல்லாம் தொல்லை இல்லை. ஃபில்டர் மாற்றியாயிற்று, குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கும் மாற்றியாயிற்று. இப்போது பட்டறையில் டீசல் பம்பை இறக்கி ஓவர்ஹால் பண்ணச் சொல்கிறார்கள். இறக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இறக்காதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களில் பம்ப் கெட்டது என்பதற்கு ஒரு சாட்சிகூட இல்லை. பிரைமரை அமுக்கியதும் பிடித்து, பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிற வண்டியில் பம்ப் தன் வேலையைச் செய்கிறது. இரவில் எங்கோ ஓர் இடத்தில் காற்று நுழைகிறது, டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்குகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஐந்து லிட்டர் கேன் ஒன்று, நிறமில்லாத ஹோஸ் இரண்டு மூன்று மீட்டர், கிளிப் எட்டு, சில காலை நேரம், இவ்வளவு போதும். பம்ப் ஓவர்ஹால் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

முதலில் இந்த எஞ்சினில் டீசல் எப்படி வருகிறது என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். 2எல், 3எல் எஞ்சின்களிலும், பஜேரோவின் 4டி56லும் இருப்பது வி.ஈ. வகை ரோட்டரி பம்ப். டேங்கில் தள்ளும் மோட்டார் கிடையாது. பம்புக்குள்ளேயே தகடுகள் சுழன்று இழுக்கும் சிறிய வேன் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே டேங்க் முதல் பம்ப் வாய் வரை உள்ள இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், ஃபில்டர், பிரைமர் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "கீழே எங்கேயும் ஒழுகலையே, லைன் சரியாத்தான் இருக்கு" என்று பட்டறையில் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். மிஞ்சிப்போனால் தூசி ஒட்டிய லேசான ஈரக்கறை தெரியும்.

எஞ்சின் நின்ற பிறகு நடப்பதும் இதே கணக்குதான். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் நீர் இறங்காது. விரலை எடுத்த உடனே இறங்கிவிடும். பம்ப் உயரத்துக்கும் டேங்கில் டீசல் நிற்கும் மட்டத்துக்கும் அரை மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அந்த டீசல் கம்பம் கீழே இழுக்கும் இழுப்பு சுமார் 0.04 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). சின்ன இழுப்புதான், ஆனால் ராத்திரி முழுக்க ஓயாமல் இழுக்கிறது. ஊசி முனையளவு ஓட்டை போதும். உள்விட்டம் 6 மி.மீ. உள்ள 3 மீட்டர் குழாயில் நிற்கும் டீசல் மொத்தமே 85 மி.லி., தேநீர்க்கடைக் கிளாஸ் ஒன்றுகூட நிறையாது. அது இறங்கிப்போனால் காலையில் பம்புக்கு வருவது காற்றுதான். பம்புக்குள் தங்கிய கொஞ்ச டீசலில் வண்டி பிடிக்கிறது, அது தீர்ந்து காற்றுத்துண்டு வந்து சேர்ந்ததும் அணைகிறது. உங்கள் பத்து நொடிக் கணக்கு இதுதான்.

சாமானைத் தொடுவதற்கு முன் நாலு விஷயம் கவனித்து எழுதி வையுங்கள். காசில்லாத சோதனைகள்.

செல்ஃப் சுற்றும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லாமல் சுற்றினால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கு டீசல் போகவில்லை, அது காற்று அல்லது டீசல்-கட் சோலினாய்டு (சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின்வால்வு). சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது பம்பில் 'டக்' என்ற சத்தம் கேட்டால் சோலினாய்டு வேலை செய்கிறது. வெள்ளைப் புகை புகுபுகுவென்று வந்தும் பிடிக்காவிட்டால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போதுதான் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் பக்கம் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுப் பத்து நொடியில் அணைகிற வண்டிக்கு ஹீட்டர் பிளக் மாற்றியது வீண் செலவு. குளிர்ந்த எஞ்சின் பிடித்துவிட்டது என்றாலே பிளக் தன் வேலையைச் செய்துவிட்டது.

இரண்டாவது, ஓர் இரவு வண்டியைச் சரிவில், மூக்கு கீழேயும் டேங்க் மேலேயும் இருக்கும்படி நிறுத்துங்கள். மறுநாள் மூக்கு மேலே. மூக்கைத் தாழ்த்தி நிறுத்திய காலையில் ஒழுங்காகப் பிடித்து, மூக்கைத் தூக்கி நிறுத்திய காலையில் மோசமானால், காற்று நுழைந்து டீசல் பின்னால் இறங்குகிறது என்பது உறுதி. பெகுவில் சரிவு கிடைக்காவிட்டால் பின்சக்கரம் இரண்டையும் பலகை மேல் ஏற்றலாம். முன்சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள்.

மூன்றாவது, டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கும்போது தொல்லை வருகிறது? நிறைய டீசல் இருக்கும் நாளில் நன்றாகவும் கால் டேங்குக்குக் கீழே போனால் மோசமாகவும் இருந்தால், டேங்குக்குள் தொங்கும் உறிஞ்சுகுழாயில் துருப்பிடித்த ஓட்டை இருக்கலாம். டீசல் மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை அது டீசலைத்தான் இழுக்கும். மட்டம் இறங்கியதும் காற்றை இழுக்கும். இந்த ஒரு குறிப்பு மட்டும் கிடைத்தால் பாதித் தேடல் மிச்சம்.

நான்காவது, நடுவழியில் மேடு ஏறும்போது இழுவை குறைகிறதா, அப்போது டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அது ஏர் லீக் இல்லை, நோய் வேறு. தொலைந்த மூடிக்குப் பதில் துளையில்லாத மூடி போட்டு ஓடும் லைன் கார்களில் (ஆள் ஏற்றும் பிக்அப் வண்டிகள்) இது நடக்கும்.

இனி கேன் சோதனை. இதை நிதானமாகச் செய்யுங்கள், ஏனென்றால் இது ஒன்றே பம்பைக் குற்றவாளியாக்கும், அல்லது விடுவிக்கும்.

சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் நாலு லிட்டர் நல்ல டீசல் ஊற்றுங்கள். பம்பின் உள்வாயிலில் இருக்கும் ஹோஸைக் கழற்றி, அங்கே நிறமில்லாத ஹோஸைச் செருகிக் கிளிப் போடுங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. உள்விட்டம் வரும், கழற்றியதை அளந்து பார்த்தே வாங்குங்கள். மறுமுனை கேனுக்குள், அடிமட்டத்துக்குச் சற்று மேலே. பிறகு பம்பிலிருந்து மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, வேறொரு ஹோஸ் மூலம் அதே கேனுக்குக் கொண்டுவாருங்கள். பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். எஞ்சின் எரிப்பதைவிட அதிகமாகவே டீசலை வி.ஈ. பம்ப் திருப்பி அனுப்பும். ரிட்டர்னை டேங்குக்கே விட்டால் கேன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காலியாகி, காற்றை இழுத்து, சோதனையே பொய்யாகிவிடும். ரிட்டர்ன் முனையும் டீசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே அந்தரத்தில் தொங்கினால் அந்த வழியாகவே காற்று ஏறும்.

முதல் சுற்று: கேனைப் பம்பை விட உயரத்தில், வைப்பர் இருக்கும் பக்கம் பத்திரமாகக் கட்டி வையுங்கள். காற்றை வெளியேற்றி (இப்போது பிரைமர் பாதையில் இல்லை, ஆகவே கீழே சொல்லும் பைப் நட்டு முறையில்) எஞ்சினை ஓட்டுங்கள். ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் அமுக்காமல்) ஐந்து நிமிடம், நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம். வழுவழுவென்று ஓடினால் பம்பின் உள்வேலையும் நாசிலும் நல்ல நிலையில் இருக்கின்றன.

இரண்டாம் சுற்றுதான் முக்கியம். கேனைத் தரையில் இறக்கி வையுங்கள். இப்போது பம்ப் தன் பலத்தில் உறிஞ்ச வேண்டும், நிஜ டேங்க் போலவே. எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, ஹோஸில் டீசல் நிற்கும் இடத்தைப் பேனாவால் கோடு போட்டுவிட்டு இரவு முழுக்க விடுங்கள். குழந்தைகளும் கோழியும் தட்டிவிடாத இடமாகப் பாருங்கள். காலையில் ஹோஸ் நிறைந்தே இருந்து வண்டி உடனே பிடித்து ஓடினால் பம்ப் நிரபராதி. குற்றம் ஃபில்டர் முதல் டேங்க் வரை உள்ள பாதையில். காலையில் ஹோஸில் டீசல் இறங்கியிருந்து, வண்டி பிடித்து அணைந்தால் காற்று பம்பிலேயோ ரிட்டர்ன் பக்கத்திலேயோ நுழைகிறது. உங்கள் வண்டியில் முதலாவதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் எதிர்பார்ப்பை நம்பிச் சாமான் வாங்காதீர்கள், கேன் சொல்லட்டும்.

கேன் பம்பை விடுவித்த பிறகு பாதையை இரண்டாகப் பிரித்துத் தேட வேண்டும். பழைய இணைப்புகளை மாட்டிவிட்டு, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே 30 செ.மீ. நிறமில்லாத ஹோஸ் ஒன்று, இரும்புக் குழாய்க்கும் ஃபில்டருக்கும் நடுவே இன்னொன்று போடுங்கள். எஞ்சினை ஓட்டிப் பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பம்பை ஒட்டிய ஹோஸில் குமிழி ஓடி, பின்னால் உள்ளதில் ஓடாவிட்டால் ஓட்டை ஃபில்டர் தலை, பிரைமர், ஃபில்டர், தண்ணீர் சென்சார் இந்த நாலுக்குள்தான். இரண்டிலும் ஓடினால் டேங்க் பக்கம் போக வேண்டும்.

குமிழியைப் படிக்கத் தெரிய வேண்டும். ஹோஸின் மேல்வளைவில் பட்டாணி அளவு ஒன்று நகராமல் நின்றால் அது சோதனைக்குக் கழற்றி மாட்டியபோது தங்கிய காற்று. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். விட்டுவிட்டு, ஒரே சீரான இடைவெளியில், பயறு பயறாக வந்தால் ஓர் இணைப்பில் ஒரே ஓட்டை. ஆக்ஸிலேட்டர் ஏற்றியதும் சோடா புட்டியைத் திறந்த மாதிரி பொடிநுரை பொங்கினால் நிதானியுங்கள், அது ஏர் லீக் இல்லாமலும் இருக்கலாம். ஃபில்டரோ டேங்க் வலையோ அடைத்திருந்தால் பம்ப் மூச்சைப் பிடித்து இழுக்கும். அந்தக் கடுமையான இழுப்பில் டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து நுரையாக வெளியே வரும். ஓட்டையைத் தேடித் தேடி ஹோஸ் எல்லாம் மாற்றியும் குணமாகாத வண்டிகளில் நடப்பது இதுதான்.

இதைப் பிரித்துச் சொல்ல ஒரு வேக்குவம் கேஜ் போதும். பம்ப் வாய்க்கு முன்னால் டி-இணைப்பில் மாட்டி 3,000 சுற்றில் பாருங்கள். டேங்குக்கும் பம்புக்கும் உள்ள மட்டவேறுபாடு மட்டுமே ஓர் அங்குலப் பாதரசத்துக்குச் சற்று மேல் காட்டும். முள் 5 அங்குல பாதரசத்தை, அதாவது 0.17 பாரை, தாண்டினால் அடைப்பு. முள் தாழ்ந்தே நின்று குமிழியும் ஓடினால் ஓட்டை. மழைக்காலத்தில் டிரம் டீசலும் புட்டி டீசலும் வாங்கி ஊற்றும் வண்டிகளில் அடைப்பும் ஓட்டையும் சேர்ந்தே இருப்பதுண்டு. அப்போது முதலில் அடைப்பைத் தீருங்கள். இழுப்பு குறைந்தாலே சிறிய ஓட்டைகள் எடுக்கும் காற்றும் குறையும், மிச்சத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபமாகும்.

இனி சந்தேகப்பட வேண்டிய இடங்கள். இந்த டொயோட்டாக்களில் என் முதல் சந்தேகம் ஹேண்ட் பிரைமர்தான். கறுப்புக் குமிழைக் கவனித்துப் பாருங்கள். அடியில் தண்டு உள்ளே போகும் இடத்தில் ஈரம் பூத்து, தூசி சேறு மாதிரி ஒட்டியிருந்தால் உள்ளே ரப்பர் டயஃப்ரம் வெடித்துவிட்டது. முப்பது வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர். அதன் விளிம்பில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், பகலில் சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும், இரவில் குளிர்ந்து சுருங்கித் திறக்கும். காலையில் மட்டும் வருகிற நோய்க்கு இதைவிடப் பொருத்தமான காரணம் குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை குளிர்காலத்திலும், தௌன்ஜி மாதிரி மலை ஊர்களிலும் இது இன்னும் கூடும்.

பிரைமரைச் சோதிக்க நேரான வழி அதைப் பாதையிலிருந்து விலக்குவதுதான். ஃபில்டர் தலையின் உள்குழாயில் வரும் ஹோஸையும் வெளிக்குழாயில் போகும் ஹோஸையும் கழற்றி, நடுவே ஒரு தற்காலிக இன்லைன் ஃபில்டரைப் போட்டு நேராக இணையுங்கள். டேங்க் டீசலை வடிகட்டி இல்லாமல் மட்டும் இழுத்து ஓட்டாதீர்கள். பம்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சரின் இடைவெளி மைக்ரான் கணக்கு, ஒரு மணல் துகள் போதும் கீறிவிட. அப்படியே ஓரிரவு விட்டு, காலையில் பிடித்து ஓடினால் பிரைமரோ ஃபில்டர் தலையோதான். புதிய பிரைமர் தலை கிடைத்தால் முழுசாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு ஒருவழி வால்வுகளும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். டயஃப்ரம் மட்டும் மாற்றி ஆறு மாதத்தில் திரும்ப வருவதில் லாபமில்லை. பிரைமர் எவ்வளவு அமுக்கினாலும் கெட்டிப்படாமல் மெத்தென்றே இருக்கிறது என்றால் அதற்கும் இந்த வால்வுகள், அல்லது பின்னால் ஒரு பெரிய ஓட்டை.

அடுத்தது ஃபில்டர் அடியில் திருகியிருக்கும் தண்ணீர் சென்சார். ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரிலிருந்து இதைக் கழற்றிப் புதியதில் போடுவார்கள். ஓ-ரிங்கை மட்டும் பழையதையே போட்டுவிடுவார்கள். உங்கள் வண்டியில் ஃபில்டர் மாற்றிய பிறகு தொல்லை கூடியதா என்று நினைத்துப் பாருங்கள். பழைய ஓ-ரிங் விரலால் அமுக்கினால் சப்பையாகி, நாலு மூலை உள்ள வளையம் போல இருக்கும், புதியது உருண்டை. மேல் கேஸ்கெட்டிலும் இன்னொரு தவறு நடக்கும்: பழைய ஃபில்டரின் ரப்பர் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியது ஏறி இரட்டைக் கேஸ்கெட் ஆகிவிடும். தலையை விரலால் தடவிச் சுத்தம் செய்து, புதிய ரப்பரில் டீசலைத் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. செயின் ஸ்பானர் கழற்ற மட்டும். அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகும் இதே ரகம்தான்.

ரப்பர் ஹோஸ்களை நுனியில் பாருங்கள், நடுவில் இல்லை. நுனியை வளைத்தால் நேர்கோட்டு வெடிப்புகள் வாய் திறக்கும். கிளிப் இறுக்கியும் குழாய் மேல் கையால் சுழற்ற முடிந்தால் அந்த ஹோஸ் செத்துவிட்டது. கிளிப்பைத் திரும்பத் திரும்ப இறுக்குவது வெட்டிவிடத்தான் உதவும். நுனியில் 2 செ.மீ. வெட்டி மறுபடி மாட்டுவது வழியில் ஊர் சேர உதவும், நிரந்தரம் முழு மாற்றம்தான். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 அல்லது குறைந்தது ஆர்7 என்று அச்சடித்த எரிபொருள் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் டீசலில் ஊறி உப்பிவிடும். சோதனைக்குப் போட்ட நிறமில்லாத பிளாஸ்டிக் ஹோஸையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், சூட்டில் கல்லாகிக் காற்றை விடும். 8 மி.மீ. ஹோஸின் வெளிவிட்டம் 13, 14 மி.மீ.தான் வரும், அந்த அளவுக்கே உரிய சிறிய கிளிப் போடுங்கள். பெரிய வார்ம் கிளிப்பைக் கடைசிவரை திருகினால் அது வட்டமாக இறுகாது, திருகுக்கு அடியில் ஒரு சந்து விடும்.

சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாயில் ஓட்டை விழுவது வெளியே தெரியும் இடத்தில் இல்லை, பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில். மழைக்காலச் சேறு அங்கே தங்கி, மாதக்கணக்கில் ஈரம் காயாமல் அரிக்கும். கடலோரம் ஓடிய வண்டிகளில் இன்னும் மோசம். கிளாம்பைக் கழற்றிக் கம்பிப் பிரஷ் போடுங்கள். பிரஷ் போட்டதும் ஓட்டை தெரிந்தால் வருத்தப்பட வேண்டாம், நீங்கள் ஓட்டை போடவில்லை, துருதான் அதை அடைத்துவைத்திருந்தது. மாற்றுக் குழாய்க்குச் செம்பும் வேண்டாம், கால்வனைஸ் குழாயும் வேண்டாம். இரண்டும் டீசலைச் சீக்கிரம் கெடுத்துப் பிசின் உண்டாக்கும். இரும்புக் குழாய் முனையில் சிறிய வீக்கம் எடுத்திருக்க வேண்டும், அதுதான் ஹோஸைப் பிடித்து நிறுத்துகிறது. வெறும் வெட்டுமுனையில் ஹோஸை ஏற்றினால் இன்னொரு ஏர் லீக்கை நாமே உண்டாக்குகிறோம்.

டேங்க் பக்கம் என்று தெரிந்தும் இடம் புலப்படவில்லை என்றால் அழுத்திப் பார்க்கலாம். டேங்கின் மேலே ஹோஸைக் கழற்றி அங்கிருந்து எஞ்சின் நோக்கிக் கால்பம்பால் காற்றழுத்தம் கொடுங்கள், பம்ப் வாயில் உள்ள முனையை அடைத்துவிட்டு. 5 பி.எஸ்.ஐ. போதும். திசை முக்கியம்: பிரைமரின் வால்வுகள் எஞ்சின் பக்கமாகத்தான் திறக்கும், எதிர்ப்பக்கம் கொடுத்தால் ஃபில்டருக்கும் டேங்குக்கும் நடுவே எதுவும் சோதிக்கப்படாது. குழாயில் டீசல் நிறைந்திருந்தால் ஓட்டையில் ஈரம் கசியும். காலியாக இருந்தால் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவிப் பாருங்கள். டேங்கோடு சேர்த்து அழுத்தம் கொடுக்காதீர்கள், தகரத் தொட்டி அகலத்துக்கு 5 பி.எஸ்.ஐ. பெரிய பலம், உப்பிவிடும்.

கேன் சோதனையில் பம்ப் பக்கம்தான் என்று வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. எஞ்சின் ஓடும்போது வி.ஈ. பம்பின் உடலுக்குள் சில பார் அழுத்தம் இருக்கும், ஆகவே அங்குள்ள ஓட்டை ஓடும்போது டீசலை வெளியே கசியும், நின்றபின் காற்றை உள்ளே இழுக்கும். பம்பின் மேல்மூடி, ஆக்ஸிலேட்டர் தண்டின் அடி, நாசில் பைப் கிளம்பும் தலையின் விளிம்பு இந்த மூன்றையும் பெட்ரோலால் கழுவித் துடைத்து (எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு), நன்றாக உலர்ந்ததும் அரை மணி ஓட்டி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். தண்டின் ஓ-ரிங்கும் மேல்மூடி கேஸ்கெட்டும் பம்பை வண்டியிலேயே வைத்து மாற்றக்கூடியவை. தலை விளிம்பிலோ முன்பக்க ஆயில் சீலிலோ கசிந்தால் மட்டுமே பம்பை இறக்கும் பேச்சு. கந்தகம் குறைந்த பிரீமியம் டீசலுக்கு மாறிய பழைய பம்புகளில் பழைய ரப்பர் சுருங்கி இப்படிக் கசியத் தொடங்குவதுண்டு. டீசலில் குறை இல்லை, ரப்பருக்கு வயதாகிவிட்டது.

ரிட்டர்ன் பக்கத்தில் நாசில்களின் மேலே ஓடி மிச்ச டீசலைத் திருப்பும் லீக்-ஆஃப் குழாயின் வாசர்களைப் பாருங்கள். ஒருமுறை கழற்றினால் வாசர் புதிதாகப் போட வேண்டும். செம்பு வாசராக இருந்து புதிது கிடைக்காவிட்டால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகும். இன்னொன்று: ரிட்டர்ன் பான்ஜோ போல்ட்டின் (உள்ளே டீசல் ஓடும் துளையுள்ள போல்ட்) தலையில் 'அவுட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், அதற்குள் மிகச் சிறிய துளை. உள்வாயில் போல்ட்டில் அந்தச் சிறுதுளை கிடையாது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. பம்பைக் கழற்றி மாட்டியபோது இடம் மாறிவிட்டால் பம்புக்கு டீசல் போதாது, உள் அழுத்தமும் ஏறாது. வண்டி ஏர் எடுப்பது போலவே நடந்துகொள்ளும்.

காற்றை வெளியேற்றும் முறை. பிரைமர் கெட்டிப்படும்வரை அமுக்குங்கள், மெதுவாக, முழு ஆழத்துக்கு. பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் நாசில் முனையில் இரண்டு பைப் நட்டுகளை 17 ஸ்பானரால் ஒரு சுற்று தளர்த்தி, துணியைச் சுற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 15 நொடிக்கு மேல் தொடர்ந்து வேண்டாம், அடித்தபின் ஒரு நிமிடம் செல்ஃபுக்கு ஓய்வு. முதலில் நுரை, பிறகு குமிழியில்லாத டீசல் துடித்துத் துடித்து வரும். வந்ததும் நட்டை இறுக்குங்கள். சுமார் 25 நியூட்டன் மீட்டர், ஒரு கை ஸ்பானருக்கு நிதானமான பலம். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் நூறு பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைக்கும். கழற்றிய நாசிலின் முன்னால் கையை நீட்டவே கூடாது. எல்லா நாசில்களுக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும் காமன் ரெயில் எஞ்சினில், உதாரணமாக டொயோட்டாவின் 1கேடி, 2கேடியில், இந்த நட்டுகளைத் தொடக்கூடாது. அங்கே ஓடுவது ஆயிரம் பாருக்கு மேல்.

பட்டறைகளில் சொல்லும் சில குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் ஒருவழி வால்வு ஒன்று போட்டுவிட்டால் காலையில் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறது. ஓடும்போது காற்றை இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அந்த வால்வின் தடை வேறு சேர்ந்து இழுப்பைக் கூட்டும். இந்தப் பம்புக்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது. கேம் பிளேட், ரோலர், பிளஞ்சர் எல்லாம் ஓடுவது டீசலின் வழவழப்பில்தான். நுரையில் மாதக்கணக்கில் ஓடினால், இன்று தேவையில்லாத ஓவர்ஹால் நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும். டேங்க் அருகே எலெக்ட்ரிக் பம்ப் வைப்பதும் அப்படித்தான். உறிஞ்சும் பாதை தள்ளும் பாதையாக மாறும், காற்று நுழைந்த ஓட்டையில் டீசல் சொட்டும், அது சைலன்சர் மேல் சொட்டினால் தீ. தெஃப்லான் டேப்பைச் சுற்றினால் பிசிறு பிரிந்து பம்புக்குள் போகும். ஈதர் ஸ்பிரே ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் வெடிக்கும், பிஸ்டன் போகும்.

மின்வெட்டுக்கு வீட்டில் வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டரில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருந்தால் கணக்கு தலைகீழ்: அங்கே ஓட்டை சொட்டும், காற்று எடுக்காது. டேங்கைக் கீழே தனியாக வைத்துக் குழாய் இழுத்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

உங்கள் ஹைலக்ஸுக்கு நான் சொல்லும் வரிசை: இன்று மாலை தண்ணீர் சென்சார் ஓ-ரிங்கை மாற்றி, ஃபில்டர் தலையில் இரட்டைக் கேஸ்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக் காலை மாற்றம் இல்லையென்றால் அன்றிரவு கேனைத் தரையில் வைத்துக் கட்டுங்கள். கேன் பம்பை விடுவித்தால் மறுநாள் இரவு பிரைமரை விலக்கி இன்லைன் ஃபில்டரோடு விடுங்கள். அதிலும் ஹோஸில் டீசல் இறங்கியிருந்தால் டேங்க் பக்கக் குழாயில் கிளாம்புகளைக் கழற்றத் தொடங்குங்கள். சரியானதும் அந்த நிறமில்லாத ஹோஸில் ஒரு சாண் வெட்டி, கிளிப் இரண்டு, 17 ஸ்பானர் ஒன்றோடு சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிய காலையில் நடுவழியில் நின்றால், ஐந்து நிமிடத்தில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே அதை மாட்டிக் குமிழி வருகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.